சுங்கை சிப்புட் வீட்டுக் கூடத்தில் ஒரு கேசிங்: சில்வர்ஸ்டோன் ஜிடி09

தொலைக்காட்சிக்குக் கீழே வைப்பதற்கென்று ஒரு கணினியைத் தாமே சேர்த்துக்கட்ட முனைகிறவர்கள், செயலியைப் பற்றியும் நினைவகத்தைப் பற்றியும் வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, கேசிங்கை (பாகங்களை அடக்கும் பெட்டியை) மட்டும் கடைசி நாளில், பார்க்க நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தப் பிழையைத் திருத்துவதற்காக இரண்டாம் முறை பணம் செலவழித்து வாங்கியதுதான் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கும் சில்வர்ஸ்டோன் கிராண்டியா ஜிடி09. ஒன்றரை ஆண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெக்கையும் தூசியும் மிகுந்த எங்கள் ஊரில் உயரம் குறைந்த கேசிங்கிடம் அமைதியை எதிர்பார்க்க முடியாது, படம் பார்க்கும்போது இரைச்சல் கேட்கக்கூடாது என்றால், அலமாரியில் மூன்று நான்கு அங்குல உயரத்தைக் கூடுதலாகக் கொடுத்தே ஆகவேண்டும்.

சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். எங்கள் வீடு தோட்டத்தின் எல்லையை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் மண்சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் இடம் எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்தான். மழை இல்லாத வாரங்களில் செம்மண் தூசி சன்னல் கம்பிகளில் விரல் வைத்தால் ஒட்டும் அளவுக்குப் படியும். பிற்பகலில் கூடத்தின் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கமே. குளிர்சாதனம் படுக்கையறையில் மட்டும்தான் உண்டு. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதும் கேசிங் மதிப்புரைகளை நான் நம்பி ஏமாந்ததற்கு இதுவே காரணம்: அவர்களுடைய அறை 22 பாகையில் இருக்கும்போது கிடைக்கிற அமைதி, பத்துப் பாகை கூடிய நம் அறையில் கிடைப்பதில்லை. வெளிக்காற்று எவ்வளவு சூடோ அதற்கு மேல்தான் உள்ளே இருக்கும் எல்லாமே சூடாகும்.

இந்தக் கணினியின் வேலைகள் மூன்று. முதலாவது, வன்தட்டில் உள்ள படங்களைக் ‘கோடி’ (Kodi) என்ற படம் காட்டும் மென்பொருள் வழியாகத் தொலைக்காட்சியில் காட்டுவது. இரண்டாவது, நிலவழி எண்மிய ஒளிபரப்பைப் பதிவு செய்வது. 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு, கூரை ஏரியலில் வரும் அலைவரிசைகளைப் பார்க்க டிவிபி-டி2 வகைக் கருவி தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்யும் அட்டை ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. மூன்றாவதுதான் கேசிங்கைத் தீர்மானித்த வேலை. அப்பாவிடம் இரண்டு பிஸ்கட் தகரங்கள் நிறைய விசிடி வட்டுகள் இருக்கின்றன: கல்யாணங்கள், கோவில் திருவிழாக்கள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழாக்கள். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சேர்த்தவை. அவற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கணினியில் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் வட்டைத் தாமே தட்டில் வைத்துப் பார்ப்பதைத்தான் விரும்புகிறார். எனவே வட்டு இயக்கி முகப்பில் இருக்கவேண்டும், வட்டைப் போடுவதற்கு அவர் குனிந்து பின்பக்கம் தேடக்கூடாது.

முதலில் வாங்கிய கேசிங்கின் பெயர் இங்கே தேவையில்லை. பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம், பளபளப்பான முகப்பு, உள்ளே 80 மி.மீ. விசிறிகள் இரண்டு. கடையில் ஓடவிட்டுக் காட்டியபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அது குளிர்சாதனம் ஓடுகிற கடை, சாலை இரைச்சல் வேறு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பிற்பகலில் ஒரு பழைய படத்தில் தாலாட்டுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ஆலையில் அரிசி புடைக்கிற மாதிரி ஓர் ஓசை கூடவே வந்தது. அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். சிறிது நேரத்தில் விசிறியும் தன் பங்குக்குக் கூட்டியது.

இதில் கேசிங்கின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படித்தான். ஒரே வடிவம் கொண்ட இரண்டு விசிறிகளை எடுத்துக்கொண்டால், அவை தள்ளும் காற்றின் அளவு சுழற்சி வேகத்தோடு நேராகவும், விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடும் கூடும். 120 மி.மீ. விசிறி 80 மி.மீ. விசிறியைவிட ஒன்றரை மடங்கு அகலம். ஒன்றரையின் மூன்றாம் அடுக்கு ஏறத்தாழ 3.4. ஆகவே பெரிய விசிறி நிமிடத்துக்கு 700 சுற்றுச் சுற்றித் தள்ளுகிற காற்றைத் தள்ள, சின்ன விசிறி 2,300 சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும். 700 சுற்றை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் கேட்கமாட்டார். 2,300 சுற்றை அடுப்படியில் இருப்பவரும் கேட்பார். 120 மி.மீ. விசிறி நிமிர்ந்து நிற்கவேண்டுமானால் கேசிங்கும் அதைவிட உயரமாக இருக்கவேண்டும்; இந்த ஒரே காரணத்தால்தான் உயரமும் அமைதியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருக்கின்றன.

இரண்டாம் முறை கடைக்குப் போவதற்கு முன்னால் அலமாரியை அளந்தேன். உள் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 22, ஆழம் 40. இந்த மூன்றில் எல்லாரும் மறக்கிற எண் ஆழம். கேசிங்கின் ஆழம் மட்டும் போதாது. பின்னால் மின்கம்பியின் தலைக்கும் எச்டிஎம்ஐ கம்பி வளைவதற்கும் இன்னும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வேண்டும்.

பிறகு, எந்த மதர்போர்டு (மற்றப் பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை) என்பதை முடிவு செய்யாமல் கேசிங்கைப் பற்றிப் பேச முடியாது. பலகைகளின் பொதுவான அளவுகள் இவை: முழு ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. மினி ஐடிஎக்ஸ் பலகையில் பொதுவாக ஒரே ஓர் அட்டைக்குத்தான் இடம் இருக்கும், விலையும் கூட. நான் எடுத்தது எச்610 வகை மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையும் இன்டெல் ஐ3-12100 செயலியும். அதன் அடிப்படை மின்நுகர்வு 60 வாட். ஏவி1 என்ற முறையில் சுருக்கிய காணொளியை வன்பொருளிலேயே விரிக்கும் திறன் அதன் உள்ளமைந்த வரைகலைக்கு உண்டு என்பதால் தனி வரைகலை அட்டை தேவையில்லை. டிவிபி அட்டை முழு உயர வகை. முழு உயர அட்டையின் உலோகப் பட்டை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், குட்டை அட்டையின் பட்டை 8 சென்டிமீட்டர். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒல்லியான கேசிங்கை வாங்கிவிட்டு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களில் நானும் ஒருத்தி.

பரிசீலித்த மற்ற கேசிங்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் சிலருக்கு அவையே பொருத்தமாக இருக்கலாம். ஃப்ராக்டல் டிசைன் நோட் 202, 377க்கு 330க்கு 82 மி.மீ. அளவில், புத்தகம் போல் கிடக்கும் அழகான பெட்டி. மினி ஐடிஎக்ஸ் பலகையும் எஸ்எஃப்எக்ஸ் வகைச் சிறிய பவர் சப்ளையும் மட்டுமே ஏற்கும். நீளமான வரைகலை அட்டையைப் படுக்கவைத்துப் பொருத்த வழி செய்திருப்பது அதன் பெருமை. தொலைக்காட்சியில் கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் செயலியின் மேல் வைக்கும் குளிர்விப்பானுக்கு 56 மி.மீ.தான் இடம், வட்டு இயக்கிக்கு இடமே இல்லை. அப்பாவின் பிஸ்கட் தகரங்கள் அதை முதல் சுற்றிலேயே வெளியேற்றிவிட்டன. சில்வர்ஸ்டோனின் மைலோ எம்எல்03 அகலத்தில் ஜிடி09 போலவே 440 மி.மீ., உயரம் மட்டும் 105. மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையை ஏற்கும். குளிர்விப்பானுக்கு 70 மி.மீ. இடம், அட்டைகள் எல்லாம் குட்டையாக இருக்கவேண்டும். குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்கு அது நல்ல நடுவழி. எனக்கு டிவிபி அட்டை குறுக்கே நின்றது.

விசிறியே இல்லாத கேசிங்குகள் மீது எனக்கு நீண்ட நாள் ஆசை இருந்தது. ஸ்ட்ரீகாம் போன்ற நிறுவனங்கள் அலுமினியத்தில் செய்யும் அந்தப் பெட்டிகளில், செயலியின் வெப்பம் செம்புக் குழாய்கள் வழியாகப் பக்கச் சுவர்களுக்குப் போய், சுவரில் உள்ள வரிப்பற்கள் மூலமாக அறைக் காற்றில் கலக்கிறது. சத்தம் அறவே இல்லை, தூசியும் உள்ளே இழுக்கப்படுவதில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் வெப்பத்தை விடவேண்டுமானால், அவற்றைச் சுற்றிக் குளிர்ந்த காற்று தானாக ஓடவேண்டும். மூன்று பக்கமும் பலகை அடித்த அலமாரிக்குள், 33 பாகைக் காற்றில், அந்தச் சுவர் அடைகாக்கும் கோழியைப் போல் சூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திறந்த மேசை மேல் வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஈப்போவில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாக் கடைகளிலும் கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் வைத்த நெட்டுக்குத்துப் பெட்டிகளே அடுக்கியிருந்தன. ஒரு கடைத் தவுக்கே (முதலாளி) மட்டும், இப்படிப் படுக்கை வசத்தில் இருக்கிற கேசிங்கை இப்போது யாரும் கேட்பதில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்பு வந்த பிறகு இவ்வகைக் கேசிங்குகள் சிறு எழுத்துத் திரை, தொலையியக்கி உணரி எல்லாம் வைத்து வரிசையாக வந்தன. 2015-இல் விண்டோஸ் 10 மீடியா சென்டரைக் கைவிட்டது, அதற்குள் தொலைக்காட்சிகளே இணையத்தோடு இணைந்துவிட்டன. இன்று சந்தையில் மிஞ்சியிருப்பவை சில மாதிரிகள்தாம். கடைசியில் இணையத்தில் வாங்கினேன். விலை, செயலிக்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் குறைவு. கூரியர் அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. உள்ளே இருந்த நுரைக்கட்டு கேசிங்கைக் காப்பாற்றியிருந்தது.

இனி ஜிடி09. அளவு 440 மி.மீ. அகலம், 170 மி.மீ. உயரம், 358 மி.மீ. ஆழம். உடல் எஃகுத் தகடு, முகப்பு பிளாஸ்டிக். முகப்பைப் பற்றி மிகையாகச் சொல்ல எதுவும் இல்லை. கறுப்பு நிறம், நேர்க்கோடுகள், கதவு கிடையாது. அப்பா முதன்முதலில் பார்த்தபோது, “என்னம்மா, கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயரை வாங்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நேர்மையான வடிவ மதிப்பீடு அடங்கியிருக்கிறது. அருகில் உண்மையான ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல் பொருந்தும். இல்லையென்றால் கொஞ்சம் பருமனாகத்தான் தெரியும்.

இதன் உண்மையான மதிப்பு காற்று ஓடும் முறையில் இருக்கிறது. பக்கவாட்டில் 120 மி.மீ. விசிறி ஒன்று பொருத்தியே வருகிறது. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் திசையில் இருக்கிறது, அதன் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய தூசிவடிகட்டி இருக்கிறது. வெளியேற்றும் விசிறிக்காகப் பின்னால் 80 மி.மீ. இடங்கள் இரண்டு உண்டு. அவை காலியாக வருகின்றன, அவற்றைக் காலியாகவே விடும்படி நான் வற்புறுத்துவேன். உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிட அதிகமாக இருந்தால், பெட்டிக்குள் அழுத்தம் சிறிது கூடியிருக்கும். அப்போது மூடி இடுக்கு, திருகாணித் துளை, வட்டு இயக்கியின் ஓரம் எதுவானாலும் அதன் வழியே காற்று வெளியேறுமே தவிர, உள்ளே வராது. உள்ளே வரும் ஒரே வழி வடிகட்டி இருக்கிற வழி. நேர்மாறாக, பின்னால் இரண்டு விசிறி வைத்து இழுத்தால், வடிகட்டி இல்லாத ஒவ்வோர் இடுக்கும் செம்மண்ணை உறிஞ்சும். என் பழைய கேசிங்கில் நடந்தது அதுவே. ஆறாம் மாதம் திறந்தபோது மதர்போர்டின் மேல் மஞ்சள் பூசிய மாதிரி ஒரு படலம் இருந்தது. ஜிடி09-ஐ ஓராண்டு கழித்துத் திறந்தேன். மூலைகளில் மெல்லிய சாம்பல் நிறம், மற்றபடி சுத்தம். வடிகட்டியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன்; புகைமூட்டம் வரும் பருவத்தில் மாதம் ஒருமுறை. கழுவிய வடிகட்டியை ஈரம் முற்றாக உலர்ந்த பிறகே மாட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

காற்று பக்கவாட்டில் நுழைவதால் அலமாரியின் அகலமும் முக்கியமாகிறது. எங்களுடைய 60 சென்டிமீட்டரில் இருபுறமும் எட்டெட்டு சென்டிமீட்டர் மிஞ்சுகிறது, அது போதுகிறது. 45 சென்டிமீட்டர் அகல அலமாரியில் இந்தக் கேசிங் அடங்கும், ஆனால் மூச்சு விடாது. ஆழம்தான் எனக்குச் சிக்கல் கொடுத்தது: 40-இல் 35.8 போனால் மீதி நான்கு சென்டிமீட்டர் சொச்சம், மின்கம்பியின் தலை அதற்குள் அடங்கவில்லை. தச்சு வேலை தெரிந்த மாமா வந்து அலமாரியின் பின்பலகையில் இரண்டு சாண் அகலத்துக்கு அறுத்துவிட்டார். கம்பிக்காகச் செய்த அந்தத் துளை, சூட்டுக்காற்று வெளியேறும் வழியாகவும் ஆகிவிட்டது. அறுப்பதற்கு முன்பும் பின்பும் விசிறியின் வேகத்தைக் கவனித்தபோது, அந்த ஒரு துளைக்கு இருந்த பலன் எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகத்துக்கும் இருக்கவில்லை. அலமாரியின் பின்பலகை சுவரோடு ஒட்டிக்கிடக்கிற வீடுகளில் கேசிங்கை மாற்றுவதற்கு முன்னால் ரம்பத்தை எடுப்பது நல்லது.

செயலிக் குளிர்விப்பானுக்கு 138 மி.மீ. உயரம் வரை இடம் உண்டு என்பது ஒல்லிக் கேசிங்குகளோடு ஒப்பிட்டால் பெரிய வசதி. நான் பொருத்தியது 125 மி.மீ. உயரமுள்ள நொக்துவா என்எச்-யு9எஸ். இந்தச் செயலிக்கு அது தேவைக்கு மிகுதிதான். ஆனால் குளிர்விப்பான் பெரிதாக இருந்தால் அதன் விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றினாலே போதும். 4கே படம் ஓடும்போதும், மதர்போர்டின் அமைப்பில் வைத்த கீழெல்லை வேகத்தைவிட்டு அது மேலே ஏறியதை நான் பார்த்ததில்லை. வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை ஏற்பதும் நம் ஊருக்கு மிக உகந்தது: இடி மின்னலில் ஒரு பவர் சப்ளை போய்விட்டால் மறுநாளே அருகிலுள்ள கடையில் இன்னொன்று வாங்கலாம், எஸ்எஃப்எக்ஸ் என்றால் கூரியருக்காகக் காத்திருக்கவேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். தொலையியக்கிக்கான அகச்சிவப்பு உணரி இதில் இல்லை. எச்டிஎம்ஐ கம்பி வழியாகத் தொலைக்காட்சியின் தொலையியக்கியைப் பயன்படுத்தும் வசதியும் மேசைக் கணினி மதர்போர்டுகளில் பொதுவாகக் கிடையாது. ஃப்ளிர்க் என்ற சிறு யுஎஸ்பி உணரியைத் தனியாக வாங்கி முகப்பில் செருகியிருக்கிறேன். முகப்பில் இருப்பவை இரண்டு யுஎஸ்பி 3.0 வாய்கள். இந்த வேகத்தில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் கிளம்பும் என்பதை 2012-இலேயே இன்டெல் எழுதி வெளியிட்டிருக்கிறது. எனவே ஒரு வாயில் வன்தட்டையும் பக்கத்து வாயில் கம்பியில்லா விசைப்பலகையின் செருகியையும் வைத்தால், அம்மா ஓர் எழுத்தை நான்கு முறை தட்டவேண்டி வரும். செருகியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் போட்டு அலமாரியின் மேல்தட்டுக்குக் கொண்டுபோன பிறகு அந்தத் தொல்லை நின்றது. 3.5 அங்குல வன்தட்டு வைக்க உள்ளே இடம் இருக்கிறது, ஆனால் எஃகுத் தகட்டில் அமர்ந்த வன்தட்டின் முனகல் இரவு அமைதியில் விசிறியைவிடத் தெளிவாகக் கேட்கும். நான் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் உள்ளே வைத்து, படங்கள் உள்ள வன்தட்டுகளைப் படுக்கையறைக்கு வெளியே உள்ள பெட்டியடுக்குக்கு அனுப்பிவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, வட்டு போடுவதில்லை, அட்டை எதுவும் செருகுவதில்லை, கோடியும் யூடியூபும் மட்டும் போதும் என்கிறவர்கள் இந்தக் கேசிங்கை வாங்கவே தேவையில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். இன்டெல் என்100 செயலி வைத்த உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, 6 வாட் வகுப்புச் செயலியோடு, தொலைக்காட்சியின் முதுகிலேயே தொங்கிவிடும். ஜிடி09 பொருந்துவது வட்டு, அட்டை, பிற்பாடு ஒரு வரைகலை அட்டை என்று வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, 309 மி.மீ. நீளம் வரை அட்டை பொருந்தும்.

கடைசியாகப் பல்லி. எந்த மதிப்புரையிலும் எழுதப்படாத பகைவர் இவர்தான். கதகதப்பான இருட்டுப் பெட்டி பல்லிக்கு மாளிகை. சக்தியேறிய பலகையின் மேல் குறுக்கே கிடந்து, தானும் இறந்து மதர்போர்டையும் கொண்டுபோன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. பின்புற 80 மி.மீ. காலியிடங்களின் துளைகளில் குட்டிப் பல்லி நுழையுமோ என்ற ஐயத்தில், சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை வெட்டி உட்பக்கமாகக் காந்தப் பட்டையால் ஒட்டியிருக்கிறேன். பயன்படாத அட்டைத் துளைகளின் மூடிகளைக் கழற்றியவுடன் திரும்ப மாட்டிவிடுகிறேன். எஃகு உடல் என்பதால் காந்தம் நன்றாகப் பிடிக்கிறது. முன்தினம் வடிகட்டியைக் கழுவக் கழற்றியபோது பார்த்தேன்: வலைக்கு வெளியே, சூட்டுக்காற்று வந்து மோதும் இடத்தில், ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.